இன்னொரு கால்

தள்ளுவண்டியில் சாக்குப் போட்டு மூடிக் கொண்டுவந்தான்.
கோழி என்று நினைத்தேன்.
சாக்கை விலக்கினால்
முழங்காலுக்குக் கீழே ஒரு கால்,
பூட்ஸ் போட்டது,
வெண்கலம்.

கொலென்சோவில் என் பழைய இரும்புக் கடைக்கு
என்னென்னவோ வந்திருக்கிறது.
தண்டவாளத் துண்டு, பள்ளிக்கூட மணி,
ஒருமுறை பாதி எரிந்த டிராக்டர்,
ஓட்டியவனின் செருப்பு ஒன்று உள்ளே கிடந்தபடி.
கால் வந்ததில்லை.

"குன்றுமேல் நிற்கிற சிப்பாயுடையதா?"
"அவனுக்கு இன்னொன்று இருக்கிறது, அம்மா."

தராசில் வைத்தேன். பழக்கம்.
பதினான்கு கிலோ அறுநூறு.
பச்சை பிடித்த வாரில் இரண்டு கண்ணி தப்பிக் கோத்திருந்தது.
செய்தவனுக்குத் தெரிந்திருக்கிறது,
தூங்காதவன் பூட்ஸ் கட்டினால் அப்படித்தான் கட்டுவான்.

என் கொள்ளுத்தாத்தா 41,083.
பதிவேட்டில் எண் முதலில்,
பிறகு ராமபத்திரன்,
பிறகு இடது புருவத்தில் தழும்பு.
கரும்பிலிருந்து கூப்பிட்டு
டோலி தூக்கச் சொன்னார்கள்.
யாருக்கும் யாருக்கும் சண்டை என்று
யாரும் அவரிடம் சொல்லவில்லை.
துகேலா ஆற்றங்கரையிலிருந்து இருபது மைல்,
முன்கம்பு அவர் தோளில்.
மேலே கிடந்தவனின் பூட்ஸ் நுனி
அடிக்கு ஒருமுறை பிடரியில் இடித்ததாம்.
அந்தப் போரில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது
இந்த ஒரு வாக்கியம்தான்.
அப்பா கணக்குப் பார்க்கும்போதெல்லாம் பிடரியைத் தடவுவார்.
நானும் தடவுகிறேன்.
எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை.

வெட்டுவாயில் கையை விட்டேன்.
உள்ளே காலும் இல்லை.
குளவிக்கூடு, கொஞ்சம் மணல்.
குதிகாலுக்கு மேலே, இருட்டில்,
விரல் ஒரு பள்ளத்தில் போய் உட்கார்ந்தது.
டார்ச் அடித்துப் பார்த்தால் ரேகை.
மெழுகாய் இருந்தபோது எவனோ அழுத்திய கட்டைவிரல்.
வெளியே ஒரு பிசிறு விடாமல் தேய்த்தவர்கள்
உள்ளே பார்க்கவில்லை.

மதராஸ் துறைமுகத்தில் 41,083 வைத்த ரேகை
நகல் எடுத்து நகல் எடுத்து
எங்களிடம் ஒரு கரும்புள்ளியாக இருக்கிறது.
இதில் கோடுகளை எண்ணலாம்.
எண்ணினேன். பதினேழு.
எதற்கென்று கேட்காதீர்கள்.

அவன் ஓடவில்லை. டயர்மேல் உட்கார்ந்து
"விலை?" என்றான்.
கல்லாவிலிருந்து அல்ல, என் பையிலிருந்து
இருநூறு ராண்ட் கொடுத்தேன்.
கடைப் புத்தகத்தில்
'வாசலில் கிடந்தது' என்று எழுதினேன்.
பேனா நன்றாகத்தான் எழுதியது.

கான்ஸ்டபிள் ஸோண்டி வந்தார்.
பொருள்: கால். எண்ணிக்கை: ஒன்று.
"இடதா வலதா?" என்றார்.
இருவரும் எங்கள் காலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.
இடது.
ஸ்டேஷன் அறையில் இடமில்லையாம்.
வழக்கு முடியும்வரை நானே வைத்திருக்கவேண்டுமாம்.

மூன்று வருடம் ஆகிறது.
குன்றுமேல் சிப்பாய்க்கு
நகராட்சி தண்ணீர்க்குழாய் ஒன்றை முட்டுக்கொடுத்திருக்கிறது.
வருடத்துக்கொருமுறை மாலை போட வருகிறவர்கள்
குழாய் தெரியாத பக்கம் நின்று படம் எடுக்கிறார்கள்.
டோலி தூக்கியவர்களுக்கு அங்கே
கல்கூடக் கிடையாது.
தேடிப் போனால் புல், மாட்டுச் சாணி,
யாரோ விட்டுப்போன பீர் பாட்டில்.
பாட்டிலை எடுத்து வந்தேன். கண்ணாடிக்கும் விலை உண்டு.

ஆகஸ்ட் காற்றுக்கு என் கடைக்கதவு நிற்காது.
பூட்ஸைத்தான் முட்டு வைக்கிறேன்.
குனிந்து நகர்த்தும்போது
கை தானாக உள்ளே போய்
அந்தப் பள்ளத்தைத் தொட்டுவிட்டு வருகிறது.

போன வாரம் அவன் வந்தான்.
அதே வண்டி, அதே சாக்கு.
"வலது காலை வாங்கமாட்டேன்" என்று
ஏறிட்டுப் பார்க்காமலே சொன்னேன்.
கதவடியில் பூட்ஸைப் பார்த்தவன்
"இவன் இன்னும் கிளம்பவில்லையா?" என்றபடி
சாக்கை விலக்கினான்.

கோழி.